இரண்டாவது பேட்டரி

ராத்திரி பத்து மணிக்கு மேலே இருக்கும். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோடு. மில்லுகளின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் சுத்தமாக நின்றுபோகும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாந்தோப்புதான். வீடு கிடையாது. கரண்டுக் கம்பம் கிடையாது. தை மாதம், மாம்பூ வாசம் மூக்கை அடைக்கிறது. அந்த ரோட்டில் சோலைராஜ் மொபெட்டில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான்...

தங்கச்சாமி, போர்வையை உன் பக்கமே இழுக்காதே. எல்லாருக்கும்தான் குளிர்கிறது. இந்த மழையில் கீழ் வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு தேவதானத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். நாம்தான் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மாடி அறையில் கரண்டு இல்லாமல் கிடக்கிறோம்.

சோலைராஜ் என் கூட்டாளி. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி சார்ஜ் போடுகிற கடை வைத்திருக்கிறான். இதோ எரிகிறதே இந்தக் குட்டி டியூப்லைட், அதற்குக் கீழே இருக்கிற பேட்டரி, இரண்டும் அவன் கொடுத்தவை. அந்த பேட்டரியின் கதையைத்தான் சொல்கிறேன். எண்பத்தெட்டிலோ ஒன்பதிலோ அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. பேர் ஆவுடையப்பன்.

மாமா தோப்பில் ஒண்டியாக இருந்தார். நெஞ்சுவலிக்காரர் வேறு. சாமான் வாங்க அடிக்கடி டவுனுக்கு வருகிற மனுஷனைக் கொஞ்ச நாளாகக் காணோம். அதனால்தான் கடையை அடைத்துவிட்டு அவன் பார்க்கக் கிளம்பியது.

தோப்புக்குள் வண்டியைத் திருப்பினான். மேடு பள்ளம். வேகத்தைக் குறைத்தால் மொபெட் லைட்டும் மங்கிப்போகும். தூரத்தில், மரங்களுக்கு நடுவே மாமாவின் வேன். ஜன்னலில் வெள்ளை வெளிச்சம். அப்பாடா, மாமா முழித்துத்தான் இருக்கிறார் என்று நினைத்தான். என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

சரக்... சரக்... என்று ஏதோ தேய்க்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

பிறகு... டக்.

லைட் அணைந்துவிட்டது.

"மாமா" என்று கூப்பிட்டான். கதவு உடனே திறந்தது. இருட்டில் மாமா நிற்கிறார். தூங்கி எழுந்த குரல் இல்லை.

"யாரு, சோலையா? ஏலே... லைட்டு அணைஞ்சத நீயும் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. நீங்கதான அணைச்சீய?"

மாமா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவருடைய கை காய்ந்து, சொரசொரவென்று இருந்தது. அவன் விரலைக் கொண்டுபோய் சுவிட்சின் மேல் வைத்தார். சுவிட்சு சொதசொதவென்று ஈரம். விரலை மோந்து பார்த்தால் சாம்பலும் புளியும் கலந்த வாசம்... பாத்திரம் தேய்த்த கையின் வாசம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறவர். பூ எடுத்ததிலிருந்து காய் இறங்குகிறவரை காவலுக்கு அங்கேயே கிடக்க வேண்டும். காய் ஏற்றுவதற்கு ஒரு பழைய மெட்டாடர் வேன் வைத்திருந்தார். அதையே வீடாக்கிவிட்டார். ஒரு பக்கம் பலகைக் கட்டில், ஒரு பக்கம் ஸ்டவ். மேலே குட்டி ஃபேன், பஸ்ஸில் போடுகிற டியூப்லைட், ஒரு பாட்டுப் பெட்டி. அவரும் அத்தையும் மட்டும்தான், பிள்ளை கிடையாது. அத்தை பேர் சுடலையம்மாள். முழிக்காதீர்கள், எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு சுடலையம்மாள் உண்டு.

அத்தனைக்கும் ஒரே ஒரு பேட்டரி. வேன் டவுனுக்குப் போய் வருகிற தூரத்தில் ஏறுகிற சார்ஜுதான் வரும்படி. அதில் ராத்திரி லைட்டும் எரிய வேண்டும், காலையில் வண்டி கிளம்ப செல்ஃபும் எடுக்க வேண்டும். அத்தைதான் நிர்வாகம். ஃபேன் ஓடினால் லைட் கிடையாது. லைட் எரிந்தால் பாட்டு கிடையாது. சாப்பாடு முடிந்ததும் வெளியே உட்கார்ந்து பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு, ஈரக் கையோடு வந்து டக்கென்று லைட்டை அணைத்துவிடுவார்.

"ஈரக் கையோட சுவிட்சத் தொடாதட்டி" என்பாராம் மாமா.

"பன்னெண்டு வோல்ட்டு என்னைக் கடிச்சா திங்கும்? செல்ஃபுக்கு மிச்சம் வைக்க வேண்டாமாக்கும்? பாதி ராத்திரி ஒண்ணுன்னா என்ன செய்வீய?"

பாதி ராத்திரி ஒன்று வந்தது. சித்திரை வெயில். அத்தைக்கு நெருப்பாகக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. மாமா ஃபேனைப் போட்டுவிட்டார். "அணைச்சிருங்க... அணைச்சிருங்க..." என்று அத்தை முனகிக்கொண்டே இருந்தார். இவர் கேட்கவில்லை. பெண்டாட்டி புழுக்கத்தில் துடிக்கும்போது யாருக்கு மனசு வரும்? விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் சாவியைத் திருகினார்.

கிர்ர்... கிர்... டிக்.

மறுபடி திருகினால் வெறும் டிக்.

தனி ஆளாகத் தள்ளிப் பார்த்தார். மெட்டாடர் அசையுமா? ரோட்டுக்கு ஓடி, ஒரு மாட்டு வண்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்காகப் போட்ட ஃபேன்தான் அவளைக் கொண்டுபோனது என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அந்தத் துக்கத்தை எங்கே போய் இறக்கி வைப்பது?

அதற்குப் பிறகு மாமா தன் ஊர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோப்பில் அந்த வேனில்தான். லைட் போடுவதில்லை, ஃபேன் போடுவதில்லை, பாட்டும் இல்லை. இருட்டிலேயே தின்று, இருட்டிலேயே படுத்தார். ஒருநாள் மட்டும், என்ன நினைத்தாரோ, லைட்டைப் போட்டுச் சாப்பிட்டவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். முழித்துப் பார்த்தால் இருட்டு. சார்ஜ் தீர்ந்துவிட்டது போல என்று சுவிட்சைத் தடவினார். அது அணைத்துக் கிடந்தது... ஈரமாக.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே லைட்டைப் போட்டுவிட்டுப் படுக்க ஆரம்பித்தார். கண்ணைத் திறக்கக் கூடாது. மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். முதலில் வெளியே பாத்திரம் தேய்க்கிற சத்தம். பிறகு தண்ணீர். பிறகு அந்த வாசம், பக்கத்தில்... ரொம்பப் பக்கத்தில். பிறகு டக்.

"ஒரு நா தவறுனதில்ல மாப்ளே. அந்த ஒரு சத்தத்துக்குத்தாம்லே நான் பகலைத் தள்ளுதேன்" என்றார் மாமா. அந்த இருட்டில் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி அவர் குரலெல்லாம் சந்தோஷம்.

சோலைராஜுக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பேயை நினைத்து இல்லை, செல்ஃபை நினைத்து. என்றைக்காவது லைட் அணையாமல் விடியவிடிய எரிந்தால்? அன்றைக்குப் பார்த்து மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தால்? அத்தைக்கு நடந்ததேதான் மாமாவுக்கும் நடக்கும். அடுத்த தடவை அவர் கடைக்கு வந்தபோது வேனில் இன்னொரு பேட்டரியை மாட்டிவிட்டான். என்ஜினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏறும், நின்றால் தனித்தனி. லைட் எவ்வளவு எரிந்தாலும் என்ஜின் பேட்டரியில் கை வைக்காது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மாமாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவருக்கும் அப்போது விளங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேன் கடை வாசலில் வந்து நின்றது. மாமா பாதியாக இளைத்திருந்தார். கண் ரெண்டும் உள்ளே போயிருந்தது. லைட் வயரைப் பழையபடி என்ஜின் பேட்டரியிலேயே மாட்டிவிட்டு, இரண்டாவது பேட்டரியை அவரே கழற்றித் தூக்கிவந்து தரையில் வைத்தார்.

"இத நீயே வச்சிக்கோ மாப்ளே. இது வந்த நாள்லேர்ந்து லைட்டு விடிய விடிய எரியுது."

"எரிஞ்சா எரியட்டும் மாமா. செல்ஃபு எடுக்குல்லா?"

"எடுக்கு. அதான் அவ வரல. மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டாள்லா."

சோலைராஜ் எவ்வளவோ கெஞ்சினான். வீட்டுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்தான். மாமா வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அவன் தோப்புக்குப் போனான். வேன் ஜன்னல் இருட்டாக இருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. மாமா கட்டிலின் ஓரத்தில், வேன் தகரத்தை ஒட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பாதிக் கட்டில் காலி. தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது.

சாவியைத் திருகினான். ஒரே திருகல், வண்டி கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரி என்ன, மதுரைக்கே போய் வருகிற அளவு சார்ஜ். சோலைராஜ் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதானாம்.

வேனைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினான். முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றி விற்றுவிட்டான். பேட்டரியே இல்லாத வண்டி, கவனமாகக் கேளுங்கள். இருந்தும் ராத்திரி கொட்டகையில் டக் என்று ஒரு சத்தம். செத்த நேரம் கழித்து சரக்... சரக்... தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மறுபடி... டக்.

ஒருவர் போடுகிறார். ஒருவர் அணைக்கிறார்.

ஒருநாள் இவன் வீம்புக்கு வேனுக்குள் போய் நின்றான். முதல் டக் கேட்டது. அடுத்ததை நானே அணைக்கிறேன் என்று இருட்டில் கையை நீட்டினான். சுவிட்சைத் தொட முடியவில்லை. அதன் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சில்லென்று, ஈரமாக.

அதோடு கொட்டகையைப் பூட்டினவன்தான், இன்றுவரை திறக்கவில்லை.

என்ன, எல்லாரும் லைட்டையே பார்க்கிறீர்கள்? ஆமாம், மாமா திருப்பிக் கொடுத்த பேட்டரிதான் இது. சார்ஜ் நிறைய இருக்கிறவரை ஒன்றும் பயமில்லை. மிச்சம் இருக்கிற இடத்துக்கு அத்தை எதற்கு வரப்போகிறார்? ஆனால்... டியூபின் முனையைப் பாருங்கள். சிவக்க ஆரம்பித்துவிட்டது. வெளிச்சமும் மங்குகிறது. யாராவது எழுந்து அணைத்துவிட்டால் நல்லது. தங்கச்சாமி, நீதானே பக்கத்தில் இருக்கிறாய்... மாட்டாயா? சரி, எரியட்டும்.

செத்த சும்மா இருங்கள்...

கீழ் வீட்டில் ஆள் இல்லைதானே? பிறகு யார் இந்நேரத்துக்குப் பாத்திரம் தேய்க்கிறது?