மூன்று முடிச்சு மரம்

"மேப்ல என் பேரையும் போடுங்க சார்" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிவு மேசை அக்கா எச்சரித்திருந்தார். "லீவு கேளு, புது ஷூ கேளு, என்ன வேணா கேளும்மா. மேப்ல பேரு மட்டும் கேட்டுடாதே." அது மலையோட்டப் பயிற்சி நிலையம். பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

மாஸ்டர் சிரித்தார். "ஏய் ரிப்பன், சாப்பாட்டுப் பொட்டலத்து மேல சமைச்சவங்க பேரையா போடுறாங்க?" அக்காவும் குனிந்துகொண்டு சிரித்தார்.

ரிப்பன் நான்தான். ஓடுபவர்களுக்கு வழி காட்ட மரங்களில் ஆரஞ்சு ரிப்பன் கட்டுவது என் வேலை. மூன்று வருடத்தில் என் பெயரை அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பஞ்சர் ஒட்டும் அப்பா, என்னைப் புவியியல் படிக்க வைத்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து, ஏழு மாதம் அலைந்து நான் கண்டுபிடித்த பாதைதான் அந்த மேப்பில் இருந்தது. காடும் மலையுமாக நாற்பது கிலோமீட்டர். அச்சடித்து வந்த மேப்பின் மூலையில் "பாதை வகுத்தவர்" என்று மாஸ்டர் பெயர் இருந்தது. அவர் பாதி தூரம் ஜீப்பில் வந்தார்.

பயிற்சிக்கு வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். இதயம் துடிப்பதைக் கையில் கட்டிய வாட்ச் சொன்னால்தான் நம்புவார்கள். பன்னிரண்டு வாரம் மேடு ஏறி இறங்கிவிட்டு, காடு தங்களை அழைப்பதாக ஃபேஸ்புக்கில் படம் போடுவார்கள். காடு யாரையும் அழைப்பதில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

அவர்களுக்கு மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "கண்ணை நம்பாதீங்க, ரிப்பனை நம்புங்க." பாதை பிரியும் இடத்தில் ஒரே மரத்தில் மூன்று ரிப்பன் இருக்கும். அந்த மரம் நிற்கும் பக்கம் திரும்ப வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் வேகம் குறையும்.

அந்தப் பாதையில் நடக்கும் பந்தயத்துக்கு முந்தைய நாள் மாஸ்டர் முழுப் பாதையையும் தனியாக ஓடிப் பார்ப்பார். அது அவர் வழக்கம். தண்ணீர், போர்வை, விசில் இல்லாமல் யாரும் காட்டுக்குள் போகக் கூடாது என்று விதிகள் எழுதியது நான். ஆபத்தென்றால் மூன்று முறை விசில் ஊத வேண்டும். கையெழுத்துப் போட்டது அவர். ஆனால் அவர் எதுவும் எடுத்துப் போக மாட்டார். "விசிலெல்லாம் ஆட்டு மந்தைக்கு" என்பார்.

இந்த முறை அந்த முந்தைய நாளில் அவருக்கு முன்பே போய், இரண்டாவது முகட்டில் இடப்பக்க மரத்தின் மூன்று ரிப்பன்களை அவிழ்த்து வலப்பக்க மரத்தில் கட்டினேன். வலப்பக்கப் பாதையை வளைவுக்கு அப்பால் மழை கொண்டுபோயிருந்தது. அதற்குக் கீழே மூன்று மாடி ஆழம். அதைப் பற்றி இரண்டு வாரம் முன்பே அறிக்கை கொடுத்திருந்தேன். ரிப்பன் எழுதியதை யார் படிப்பார்கள்?

புதருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. மரத்தைப் பார்த்தார், வலப்பக்கம் திரும்பினார். தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே ஒழுங்காகச் செய்தார். வளைவுக்கு அப்பால் கல் சரிகிற சத்தம் கேட்டது.

பிறகு ரிப்பன்களைப் பழைய மரத்திலேயே கட்டினேன். மறுநாள் இருநூறு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு.

ஏன் இறங்கிப் போகவில்லை என்று கேட்கிறீர்கள். கீழேயிருந்து விசில் வரவில்லை. குரல்தான் வந்தது. முதலில் "யாராவது இருக்கீங்களா" என்றார். பிறகு "ரிப்பன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், இனிஷியலோடு. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

மூன்று வருடமும் தெரிந்திருக்கிறது.

அதுவரை இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இதை வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி முடிச்சை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். பை கனக்கவில்லை. விடியும்போதே அறையைக் காலி செய்து, என் பட்டச் சான்றிதழை மட்டும் அதில் எடுத்து வைத்திருந்தேன்.