இரவல் வாழ்க்கை

நோர்வூட்டிலிருந்து அட்டனுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“கொழும்பு ஐயாகிட்ட ஒங்க கதைய என் கதைன்னு சொல்லிட்டேங்க்கா,” என்றாள் இளையவள்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். “எந்த ஐயா?”

“தோட்டத்து ஆளுங்க வாழ்க்கையக் கேட்டு, அரசாங்கச் செலவுல சரித்திரம் எழுதுறாராம். அரசாங்கம்னதும், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு எனக்குப் பயம் வந்துருச்சு. எங்கப்பா திருச்சியிலருந்து வந்தவரு. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டதுக்கு இன்னும் பதில் வரல. ஒங்கப்பான்னா இங்கயே பொறந்தவரு.”

“நான் கங்காணியக் கூடையால அடிச்சதையுமா சொன்ன?”

“அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. நல்லா அடிச்சியாம்மான்னு வேற.”

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, “நாளைக்கு எங்க லயத்து வீட்டுக்கு வர்றாராமே. நான் இனி எதச் சொல்றது?” என்றாள்.

“என் கதைய மட்டும் சொல்லிராதீங்க.”

பஸ் டிக்கோயாவைத் தாண்டியது.

“செத்துப்போன எங்க மாமியா கதையச் சொல்லிர்றேன்,” என்றாள் மூத்தவள். “அவங்கள இனி யாரும் கப்பல் ஏத்த முடியாது.”