புகை நிற்காத குடில்

சின்ன அடுப்பில் ஒரு தொல்லை உண்டு. கைக்குழந்தை மாதிரி, அதை விட்டு நகர முடியாது. பெரிய அடுப்பென்றால் காலையில் நாலு ஓக் கட்டையைத் திணித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் மறந்துவிடலாம். எங்கள் மீன்குடிலில் இருப்பது, ஹார்லன் ஒரு பழைய பால் கேனை வெட்டி, கால் வைத்து, புகைக்குழாய் பொருத்திச் செய்த அடுப்பு. விறகை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கினால்தான் உள்ளே போகும். கொஞ்ச நேரம் கவனிக்காவிட்டால் தணலாகிவிடும், இன்னும் கொஞ்சம் விட்டால் சாம்பல்தான். உங்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆபீசர். உங்கள் அப்பாவும் தோர்சன் ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேல் குடிலை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி மீன் பிடித்தவர்தான்.

முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லப் போகிறேன். ஹார்லன் தூங்குகிறான் என்று நினைத்தேன், சாயங்காலம் எழுப்பியபோதுதான் உயிர் போயிருந்தது தெரிந்தது என்று சொன்னேன். நீங்களும் நம்பியது போலத்தான் தலையாட்டினீர்கள். மறுநாள் குடிலுக்குப் போய், நான் உட்காரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அடுப்பில் ஒரு கட்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். கெட்டிக்காரிதான். அந்த அடுப்பின் வாய் ஹார்லன் உட்காரும் பெஞ்சைப் பார்த்திருக்கும். புகையிலைப் பைப் பற்றவைக்க வசதியாக அவன் அப்படி வைத்துக்கொண்டான். விறகு போடுவது என்றைக்கும் நான்தான். அவன் முழங்காலுக்கு மேலே எக்கி, முகத்துக்கு முகம் நேராகக் குனிந்துதான் போட முடியும். அன்றைக்கு விறகுப் பெட்டி காலி, சாம்பல் வாளி நிறைந்திருந்தது. இத்தனை தடவை குனிந்தவருக்கு அவர் முகம் தெரியாமலா போயிருக்கும் என்று கேட்டீர்கள். தெரிந்தது.

ஹார்லன் என் மனைவி மார்லிஸின் அண்ணன். அவள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் குடில் ஒன்றுதான். கோடை முழுக்க விறகு நறுக்குவேன். பிர்ச் தனியாக, ஓக் தனியாக அடுக்குவேன். மார்கழிக் குளிரில் ஏரி இறுகியதும் அவன் குடிலை இழுத்து வருவான், நான் விறகோடு போவேன். அவன் பனிக்கட்டியில் போட்ட துளை ஓரம் உட்கார்ந்து தூண்டில் மிதவையைப் பார்ப்பான். நான் அடுப்பைப் பார்ப்பேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று காலையில் காபி ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அடுத்த வருஷம் டெரெக்கக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். மருமகனா வரப்போறவன், பழக்கிக்கணும்ல. இங்க ரெண்டு பேருக்குத்தான் இடம். நீ முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு அனத்துற. வீட்ல கால நீட்டி உக்காரேன்டா."

"அவனுக்கு அடுப்பு பாக்கத் தெரியாதே," என்றேன்.

"அடுப்பு என்னடா பெரிய வித்தை? ஒரே நாள்ல கத்துக்குவான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கெட்ட எண்ணம் இல்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. மரத்துப்போன கையை உதறினால் சுரணை வரும் அல்லவா, அதுகூட வரவில்லை. எழுந்து ஒரு கட்டை போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

டெரெக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் அவனை மட்டும் குடிலில் விட்டுவிட்டுக் கரைக்குப் போயிருந்தான். அவன் போனை நோண்டிக்கொண்டே அடுப்பை அணையவிட்டுவிட்டான். எங்கள் ஏரி வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலில் வண்டி நிற்கிறது, குழாயில் புகை இல்லை என்றால், உள்ளே ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தவர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவருவார். புகை வந்தால் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். அன்றைக்குப் பக்கத்துக் குடில் லவோனும் இன்னும் ரெண்டு பேரும் கோடரியோடு வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்கிறார்கள். திறந்தால் இவன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஏரி முழுக்க அதுதான் பேச்சு. அப்படிப்பட்டவனுக்குத்தான் என் வாளி.

காபி முடியுமுன்னே ஹார்லனின் கையிலிருந்து கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கம் இறங்கிப்போனது. ஏதோ சொன்னான், குழறலாக வந்தது. பெஞ்சில் சாய்ந்து விழுந்தவனைத் தலைக்கு அவன் கோட்டையே சுருட்டி வைத்துப் படுக்க வைத்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். என்ன ஆயிற்று என்று எனக்கு உடனே புரிந்தது. மார்லிஸின் அம்மாவும் அப்படித்தான் விழுந்தாள், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் அதற்கப்புறமும் வெகுகாலம் இருந்தாள். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அடுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிர்ச் கட்டை போட்டேன்.

அவ்வளவுதான் ஆபீசர். அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஒரு கட்டை போட்டேன், அது எரிந்து முடிந்ததும் இன்னொன்று போட்டேன். பிர்ச் சடசடவென்று எரிந்து வெள்ளையாகப் புகை விடும், தூரத்திலிருந்தே தெரியும். ஓக் இருந்தும், பிர்ச் தீரும் வரைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

மத்தியானம் லவோன் பனிவண்டியில் வந்தாள். நான் கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து நின்றேன்.

"என்ன செல்மர், மீன் ஏதாவது கடிக்குதா, இல்ல சும்மா விறக எரிச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்ல. ஹார்லன் தூங்குறான்."

"தூங்கட்டும், தூங்கட்டும். முழிச்சிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிடப் போறான்? எந்திரிச்சதும் சொல்லு, எங்கிட்ட வாங்கிட்டுப் போன ஐஸ் துளைக்கிற மிஷின் இன்னும் வரலன்னு. கேட்டா பல்லக் காட்டுவான்."

"சொல்றேன்."

அவள் சர்க்கரை தூவிச் சுருட்டிய ரெண்டு லெஃப்ஸ ரொட்டி கொடுத்தாள், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவனால் விழுங்க முடியாது. இருந்தாலும் அவன் பங்கை அடுப்பின் மேல் சூடாக வைத்திருந்தேன்.

அவள் வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு திரும்பினேன். ஹார்லனின் நல்ல கை தூக்கியிருந்தது. அடுப்பு இருக்கும் மூலையைக் காட்டியது. குளிர்கிறது போலிருக்கிறது என்று விறகு போட்டேன். கை இறங்கவில்லை. இன்னொன்று போட்டேன். அடுப்புக்குப் பின்னால்தான் கதவும் இருக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல.

நடுவில் அவன் மிதவை முங்கியது. நான்தான் இழுத்தேன். நல்ல கனம். அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குடிலுக்குள் புகை அடைந்திருந்ததால் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த மீன் இன்னும் என் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கிறது. அவன் தூண்டிலில் மாட்டியது, அவன் மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், கட்டை போடக் குனிந்தபோது அவன் மூச்சு என் கன்னத்தில் படவில்லை. அந்தக் கட்டையைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பிறகு போனை எடுத்தேன்.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போனை எடுத்திருந்தால், லவோனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். வெளியே எச்சில் துப்பினால் கீழே விழுமுன் உறையும் குளிர். உள்ளே அவன் கோட்டில்லாமல் படுத்திருந்தான், கடைசி வரைக்கும் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது, தொட்டுப் பார்த்தேன். என்னைப் போல அவனை யார் கவனித்திருப்பார்கள்? டெரெக்காக இருந்தால் அடுப்பை அணையவிட்டிருப்பான்.