கதவுக்கு அடங்காத கலையரங்கம்

— இன்னும் ஒரே ஒரு விரல் அளவுதான் மாமா. மாடலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திப் பிடிங்க.

— ஒரு விரலா? யாரோட விரல், யானையோடதா? ஒரு முழம் இடிக்குது மேஸ்திரி, ஒரு முழம்!

— மேஸ்திரின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஆர்க்கிடெக்ட்.

— அது பாஸ் பண்ணின பிறகு. இப்போதைக்கு என் மாடி ரூம்ல ஓசியில தங்கியிருக்கற மேஸ்திரி.

— ஐயோ, சாய்க்காதீங்க! கூரை பூரா நூல்ல தொங்குது. லேசா சாய்ஞ்சாலும் எல்லாம் சிக்கிக்கும்.

— கூரையை நூல்ல கட்டித் தொங்கவிட்ட முதல் ஆள் உலகத்துலயே நீதான். சரி, ரிவர்ஸ் எடு. வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்! திரும்பவும் மேஜை மேலயே வை.

— கை செத்துப்போச்சு.

— நான் யாரு? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். ஒரு தடவை குறுகலான சந்து. எதிர்ல தண்ணி லாரி, பின்னால தீயணைப்பு வண்டி, பக்கத்துல ஒரு எருமை. பெயின்ட்ல ஒரு கீறல் விழாம பஸ்ஸை அப்படியே திருப்பினேன். எருமை கைதட்டிச்சு.

— போன வாரம் அது கன்னுக்குட்டி. தலையைத்தான் ஆட்டிச்சு.

— வளர்ந்துடுச்சு. பேச்சை மாத்தாதே. அப்பேர்ப்பட்ட என்னாலயே இதை வெளிய எடுக்க முடியல. ரெண்டாயிரம் பேர் உள்ள போற கலையரங்கம் கட்டுவியாம், அந்த அரங்கம் ஒரு ரூமை விட்டு வெளிய போக வழி தெரியாதாம்!

— கிண்டலை அப்புறம் வச்சுக்கோங்க. பதினொரு மணிக்கு காலேஜ்ல ஜூரி. மாடலைக் காட்டி விளக்கணும், கேள்வி கேட்டு மார்க் போடுவாங்க.

— இப்ப விட்டா இந்தக் கிண்டல் ஆறிப்போயிடும். ஜன்னல்?

— கம்பி போட்டிருக்கு.

— கதவையே கழட்டிட்டா?

— கதவு போனாலும் நிலை அங்கயேதானே நிக்கும்? வேண்டாம் மாமா. சாருக்குப் போன் பண்ணிடறேன். மாடல் வாசல்ல மாட்டிக்கிச்சு, வர முடியலன்னு. நியாயமான காரணம்தானே?

— ரொம்ப நியாயம். ஆனா வீடு இடிஞ்சு விழுந்த மாதிரி ஒரு சேதியைச் சொல்றவ குரல்ல ஏன் இவ்வளவு குளுகுளுப்பு?

— ஒரு குளுகுளுப்பும் இல்ல. ரொம்ப வருத்தமா இருக்கு.

— தெரியுது தெரியுது. ஜூரிக்குப் போகலைன்னா என்ன பண்ணுவாங்க?

— இதே வருஷத்தைத் திரும்பப் படிக்கணும்.

— அதாவது, இன்னும் ஒரு வருஷத்துக்கு என் சாப்பாட்டு மேஜை உன்கிட்ட. நானும் உன் அத்தையும் இன்னும் ஒரு வருஷம் மடியில தட்டை வச்சுக்கிட்டு ரயில்ல போற மாதிரி சாப்பிடணும்.

— அத்தைக்கு அது பிடிச்சிருக்குன்னு சொன்னாங்களே.

— அவ உன்கிட்ட அப்படித்தான் சொல்லுவா. குழம்பு கொட்டினா என்னைத்தான் கேப்பா.

— ஏன் மாமா அந்த மூலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க? வந்து கட்டில்ல உக்காருங்க.

— முட்டி மடங்க மாட்டேங்குது. இந்தத் துணி மாட்டற பலகை மெத்துனு இருக்கு. உன் அத்தையோட ஸ்வெட்டர், என் காக்கிச் சட்டை, மூணு குடை, யாரோ விட்டுட்டுப் போன கோட்டு. இப்படி ஒரு சாய்மானம் ராஜாவுக்குக்கூடக் கிடைக்காது.

— சரி, போனைக் கொடுங்க.

— பொறு. வெளிய போகாத கட்டடத்தை நானாவது சுத்திப் பாத்துடறேன். முந்தி நீ கட்டினதெல்லாம்தான் எனக்குத் தெரியுமே. முதல்ல ஒரு மியூசியம். உள்ள போனவனுக்கு வெளிய வர வழியே தெரியாம, கடைசியில அவனே அங்க காட்சிப்பொருள் ஆயிட்டான்.

— அப்படி யாரும் ஆகல. சுத்திச் சுத்தி வர்ற மாதிரி ஒரு பாதை, அவ்வளவுதான்.

— அடுத்தது ஹாஸ்டல். காத்து வரணும்னு ஜன்னலுக்கு மேல ஜன்னல். மறைவா நின்னு சட்டை மாத்த ஒரு முழம் சுவர் கிடையாது. பாவம் பசங்க, போர்வைக்குள்ளயே குடித்தனம் நடத்தணும்!

— மாமா!

— சரி, இது என்ன? நான் நாடகம் பாக்க வர்றேன். உன் அத்தை கிளம்பினதால எப்பவும் போல லேட்டு. உள்ள ஆரம்பிச்சுட்டாங்க. நான் எந்த வழியா வருவேன்?

— எந்த வழியா வேணும்னாலும். இதுக்கு முன்வாசல்னு ஒண்ணு கிடையாது, சுத்திவரக் கதவுதான். பசங்க எந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வந்தாலும் அதுதான் முன்பக்கம். லேட்டா வர்றவங்க இந்தச் சரிவுல ஏறி, கடைசி வரிசைக்குப் பின்னால வந்துடலாம். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

— திரும்பிப் பாக்க மாட்டாங்களா? அப்ப உன் அத்தை எதுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வரணும்? சரி, டிக்கெட் வாங்காதவன்?

— அவனுக்காகத்தான் இதையே கட்டினேன். இங்க பாருங்க, மேடையோட பின்சுவர் மடங்கித் திறக்கும். ஒத்திகை நடக்கும்போது புல்தரையில சும்மா கெடக்கறவங்களும் பாக்கலாம். சில பேருக்குக் கூட்டத்துக்குள்ள போகவே பயமா இருக்கும்ல, அவங்க இந்தத் தூண் ஓரமா நின்னு பாத்துட்டு, பயம் தெளிஞ்ச பிறகு உள்ள வரட்டும்னு.

— யாரு அந்தப் பயந்தாங்கொள்ளி? தெரிஞ்ச பொண்ணா?

— பொதுவா சொன்னேன்.

— சரி, பொதுவாவே இருக்கட்டும். காலேஜ் நூலகமும் இதுக்குள்ளதான்னு சொன்னியே, காணோமே. கட்ட மறந்துட்டியா?

— இருக்கு மாமா. உக்கார்ற வரிசையெல்லாம் படிப்படியா மேல ஏறுதில்ல, அதுக்கு அடியில இருக்கற இடம் பூரா நூலகம். மேல கைதட்டினா கீழ படிக்கறவங்களுக்குத் தூரத்துல மழை பெய்யற மாதிரி கேக்கும். அந்த அளவுக்குத்தான் சத்தம் இறங்கும், அதுக்கு ரெட்டைத் தளம் போட்டிருக்கேன்.

— நூலகத்துல தூங்கறவங்களைப் பத்தி உனக்குக் கவலையே இல்ல. எங்க, கொஞ்சம் காட்டு. தலையை உள்ள விட்டுப் பாக்கறேன்.

— மூக்கை எடுங்க! மரம் ஒட்டிக்கிச்சு பாருங்க.

— மீசைக்கு மேல தோப்பு, நல்லாத்தான் இருக்கும். ஆனா நூலகம் தெரியலியே.

— வெளியிலேர்ந்து தெரியாது. உள்ள இருக்கு.

— உன்னை மாதிரியே. இப்ப மூச்சு விடாம பேசறே, போன ஜூரில வாயே திறக்கலையாமே.

— அதை ஏன் இப்ப இழுக்கறீங்க? அஞ்சு பேர் வரிசையா உக்காந்து பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. "கட்டடம் பேசாது சரி, கட்டினவங்களும் பேச மாட்டாங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க.

— நான் அங்க இருந்திருக்கணும்.

— இருந்து?

— நானும் சிரிச்சிருப்பேன். ஆனா, அவருக்கு மீசை இருந்தா அதைப் பாத்துச் சிரிச்சிருப்பேன்.

— மாமா, ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது.

— திட்டறதுக்குத் தெம்பு வேணும். எனக்குக் கிண்டலுக்குத்தான் தெம்பு இருக்கு. சொல்லு.

— இந்தக் கதவை அளந்துட்டுத்தான் மாடலோட அடிப்பலகையை வெட்டினேன்.

— அளந்துமா தப்பிப்போச்சு?

— தப்பல. இந்த வழியா போகவே கூடாதுன்னு பாத்துத்தான் வெட்டினேன். மாடல் வெளிய வரலைன்னா நானும் போக வேண்டாம்ல.

— அடிப்பாவி! வயித்துவலின்னு லீவு போட்டவனைப் பாத்திருக்கேன். உயிரோட இருக்கற பெரியப்பாவை நாலு தடவை சாகடிச்ச கண்டக்டரைப் பாத்திருக்கேன். லீவு போடறதுக்காக ஒரு கலையரங்கமே கட்டினவளை இப்பத்தான் பாக்கறேன்!

— சிரிக்காதீங்க. எனக்கு அழுகை வருது.

— அழு, யாரு வேண்டாம்னது? ஆனா அந்த நூலகத்தை மட்டும் ஒரு தடவை காட்டிட்டு அழு. மழைச் சத்தம் கேக்கும்னு ஆசை காட்டிட்டு, ஒளிச்சு வச்சா எப்படி?

— அதான் காட்ட முடியாதுன்னு... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. நடுவுல பிளந்தா?

— எதை? என்னையா?

— கட்டடத்தை. இந்த ரெண்டு நூல் வரிசைக்கு நடுவுல இடைவெளி இருக்கு. மேடை, வரிசை, அதுக்கு அடியில நூலகம், எல்லாத்தையும் ஒரே வெட்டுல வெட்டினா உள்ள இருக்கறது அத்தனையும் தெரியும். மேல கைதட்டறவன், கீழ படிக்கறவன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல! ஐயோ, இது எனக்கு ஏன் முன்னாடியே தோணல?

— நிஜமாவே வெட்டப் போறியா? ராத்திரி பகல் பாக்காம ஒட்டினது.

— தள்ளுங்க. அந்தக் கட்டரை எடுங்க. நீளமான ஸ்கேல் கட்டிலுக்கு அடியில இருக்கு.

— முட்டி மடங்காதுன்னு சொன்னேனே.

— நானே எடுத்துக்கறேன். இந்த ஓரத்தை மட்டும் ஒரு கையால அமுக்கிப் பிடிங்க. அங்கேர்ந்தே எட்டும். கண்ணை மூடாதீங்க!

— எருமை வந்தப்பகூட நான் கண்ணை மூடல. ஆனா இது பயமா இருக்கு.

— ஆச்சு... ஆச்சு... அடிப்பலகையும் விட்டுடுச்சு. பாருங்க மாமா.

— அட... இது உள்ளயா இருந்துச்சு? குட்டிக் குட்டி அலமாரி, மாடிப்படி... இது யாரு, மூலையில புத்தகத்தை மூஞ்சி மேல கவுத்துக்கிட்டுத் தூங்கறது?

— நீங்கதான். முதல் நாளே ஒட்டினேன்.

— நாசமாப் போச்சு. ஜூரி பூரா என்னைப் பாத்துச் சிரிக்கும்.

— சிரிக்கட்டும். அது யாருன்னு கேப்பாங்க, அங்கேர்ந்து ஆரம்பிக்கறேன். முழுசா இருந்ததைவிட இதுதான் மாமா அழகு! கீழ வண்டி நிக்குதான்னு பாருங்க. இந்தப் பாதியை நான் தூக்கறேன், அப்புறம் வந்து அதையும் எடுத்துக்கறேன்.

— மெதுவா. லெஃப்டு ஒடி. நேரா... ரைட், ரைட்! போலாம்!

— அத்தை, வழி விடுங்க! ஜூரிக்கு நேரமாச்சு!

— பாத்துடி, படி ஈரமா இருக்கு! ஏங்க, என்ன இது? அந்த அரங்கத்தை ரெண்டாப் பொளந்து எடுத்துட்டுப் போறா?

— வாசல்ல போகல. என்ன பண்றது?

— ஏன் போகாது? இவ்வளவு பெரிய கட்டிலும் மேஜையும் இந்த ரூமுக்குள்ள எந்த வழியா வந்துச்சு? நீங்க சாய்ஞ்சு நிக்கறீங்களே, அந்த இன்னொரு கதவோட தாழ்ப்பாளை எடுத்திருந்தா முழுசாவே போயிருக்குமே!

— கத்தாதே, அவ காதுல விழப்போகுது. இதுவும் ஒரு கதவுன்னே அவளுக்குத் தெரியாது. துணி மாட்டற பலகைன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. இது தெரியக் கூடாதுன்னுதானே மாடலைக் கீழ வச்சதுலேர்ந்து பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கறேன்.

— எதுக்கு இந்த வேலை?

— முழுசா எடுத்துட்டுப் போயிருந்தா அங்க போயும் ஊமையா நின்னிருப்பா. இங்க என்னா பேச்சு பேசினா தெரியுமா! அதோட, இப்படி ஒரு கூத்து தினமும் கிடைக்குமா?

— கிடைக்கும், நீங்க இருக்கற வீட்டுல. திரும்புங்க. சட்டை முதுகு பூரா என்ன இது, எண்ணெய்க் கறை?

— எண்ணெயா? அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டே பத்து வருஷம் ஆச்சு. துருதானே இருக்கணும்?

— நான்தான் மாமா போட்டேன். இந்தப் பாதியையும் கொடுங்க, வண்டிக்காரர் கத்தறார். அளந்த அன்னைக்கே அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வச்சேன், கடைசி நேரத்துல தைரியம் வந்தா சத்தமில்லாம திறக்கணும்ல.