திரையில் எட்டு

ஜிம்முக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டு கொண்டுவர மறந்துவிடுவார்கள். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். தண்ணீர் பாட்டில் வரும், பாட்டுக் கேட்கும் கருவி வரும், புது ஷூ வரும், துண்டு மட்டும் வராது. அவர்கள் பெஞ்சில் வியர்வையை விட்டுவிட்டு எழுந்து போவார்கள், நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன். உங்கள் மேசையை இத்தனை நேரம் கையால் துடைத்துக்கொண்டிருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கை சும்மா இருக்காது, காலும்தான்.

நான் பயிற்சியாளன் இல்லை, எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பேன். ஆறு மணிக்கு 'கண்ணாடி' வருவார். அது நாங்கள் வைத்த பெயர். பத்து நிமிடம் எடை தூக்குவார், ஐம்பது நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று பலன் தெரிகிறதா என்று பார்ப்பார். அடுத்து பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா வருவார். சைக்கிளை மிதித்துக்கொண்டே மருமகளைப் பற்றிப் புலம்புவார், மருமகள் இரண்டு சைக்கிள் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் என் தங்கையைப் பிடிக்கும்.

அவளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. தலை பின்னிவிட்டதிலிருந்து கல்லூரியில் சேர்த்தது வரை நான்தான். அவளுக்குத் தீயணைப்புப் படையில் சேரவேண்டும் என்று ஆசை. அதற்கு ஆள் எடுக்கும்போது இரண்டாயிரத்து நானூறு மீட்டர் ஓடவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் இரண்டு தடவை போய் ஓடினேன். இரண்டாம் தடவை பதினொரு விநாடி அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் எப்போதோ மறந்துபோன சங்கதி.

போன வருடம் ஒருநாள் மைதானத்திலிருந்து நேராக ஜிம்முக்குள் ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை. "அண்ணா, உன் டைமத் தாண்டிட்டேன். உன்னவிட ஆறு செகண்ட் முன்னாடி வந்துட்டேன்" என்றாள். பாங்க் அம்மா சைக்கிளிலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இருக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதமே அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆசை மிஞ்சி அதிகமாக ஓடினாள், அவ்வளவுதான். மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது புரியும். காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலைவிட்டு எழுவாள். நான் கலந்து கொடுத்த பாலைக் குடிப்பாள். நான் வேலை முடிந்து வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்ணா" என்று ஒருநாள் சொன்னாள். வீடு அத்தனை நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எலும்பு கூடிவிட்டது. ஆள் எடுக்கும் நாளுக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. அது முடிந்து மூன்றாம் வாரத்தில் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், அதனால் இந்தத் தடவையை விட்டால் அவளுக்கு ஆயுளுக்கும் வாய்ப்பு கிடையாது. தேர்வானால் ஆறு மாதம் வேறு ஊரில் பயிற்சி, பிறகு எங்கே போடுவார்களோ தெரியாது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜிம்முக்குள் ஒரு எந்திரத்திலிருந்து இன்னொரு எந்திரத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன். 'கண்ணாடி'யே என்னைக் கவனித்துவிட்டு, "என்ன சார், உங்களுக்குத்தான் பரீட்சையா?" என்று கேட்டார்.

பிசியோதெரபி பார்க்கிற அம்மா ஒரு தாளில் திட்டம் எழுதிக் கொடுத்தார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர், அதற்குமேல் புள்ளி ஒன்றுகூடக் கூட்டக்கூடாது. வாரத்துக்கு வாரம் ஓட்டத்தை மட்டும் ஒரு நிமிடம் நீட்டிக்கொள்ளலாம். "ரோட்ல ஓடினா உனக்கு ஆச வந்துரும், வேகம் கூடிரும். ட்ரெட்மில்லயே ஓடு. நம்பர் பொய் சொல்லாது" என்று தங்கையிடம் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நம்பர் பொய் சொல்லும். அது என் தொழில், எனக்குத் தெரியும். ட்ரெட்மில்லுக்குத் தன் பெல்ட் எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று தெரியாது. உள்ளே இருக்கிற உருளை எத்தனை தடவை சுற்றுகிறது என்றுதான் தெரியும். உருளையின் அளவை நாம் பதிந்துவைப்போம், அதை வைத்து அது கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். எங்கள் எந்திரத்தில் உருளை அறுபது மில்லிமீட்டர். ஐம்பத்தேழு என்று பதிந்தால் அது நம்பிவிடும். உருளை சின்னது, கூடுதலாகச் சுற்றினால்தான் எட்டு வரும் என்று நினைத்துச் சுற்றும். திரையில் எட்டு இருக்கும், கால் எட்டரைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் ஐம்பத்தேழு. அடுத்து ஐம்பத்தைந்து, பிறகு ஐம்பத்துமூன்று. கடைசியில் ஐம்பது வைத்தேன். அப்போது அவள் ஒன்பதரைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்றாவது எந்திரம் அது. "இதுதான் காலுக்கு மெத்துமெத்துன்னு இருக்கும், இதுலயே ஓடு" என்று நானே காட்டிக்கொடுத்தேன். அவள் ஆறு மணிக்கு வருவாள், ஐந்தே முக்காலுக்கு உருளை அளவை மாற்றுவேன். ஏழு மணிக்கு அவள் இறங்கியதும் திருப்பி அறுபது வைத்துவிடுவேன். முப்பத்தொரு நாள், ஒருநாள்கூட மறக்கவில்லை. பின்னால் ஏறுகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது பாருங்கள். பாதுகாப்பு விஷயத்தில் நான் அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்லமுடியாது.

அவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கிறீர்கள். அடிபட்டுத் திரும்பி வருகிற ஓட்டக்காரர்கள் தங்கள் உடம்பை நம்பமாட்டார்கள். மூச்சு வாங்கினால், மூன்று மாதம் படுத்துக் கிடந்தோமே, வாங்கத்தான் செய்யும் என்று நினைப்பார்கள். திரையைப் பார்ப்பார்கள், எட்டு என்று இருக்கும். சரி, குறை நம்மிடம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவளும் அப்படித்தான் ஓடினாள். "எட்டுக்கே நாக்குத் தள்ளுதே, நான் அவ்வளவுதானா?" என்று சிரித்தாள். பாங்க் அம்மாவுக்கு அவள் ஓடுவதைப் பார்த்து ஒரே பெருமை, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் இங்கே போலீஸ் கைக்கு வந்து சேரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் ஒருநாள் எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். குனிந்து எலும்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்கு ஒண்ணு மட்டும் பிரிச்சுச் சொல்லத் தெரியல. இது வலியா, இல்ல பயமா?"

"பயம்தான்" என்றேன்.

"நெஜமாவா?"

"நானும் ஓடுனவன்தானே. பயம்தான். ஏறு."

ஏறினாள்.

நாலு நாள் கழித்து அந்த எலும்பு இரண்டாக உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு 'கண்ணாடி'கூடத் திரும்பிப் பார்த்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தியது நான்தான், அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். ஆம்புலன்ஸில் முழு நேரமும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவளுடைய பையை எடுக்கத் திரும்பி வந்தேன். யாரோ அந்த எந்திரத்தின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். துண்டை விலக்கி எண்ணை அறுபதாக மாற்றிவிட்டுப் போனேன்.

உள்ளே கம்பி வைத்தார்கள். புண் ஆறவில்லை, சீழ் பிடித்தது, மறுபடி திறந்தார்கள். வலது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. ஆள் எடுத்த நாளன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இப்போது எங்கள் ஜிம்மிலேயே முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறாள். நான் எங்கே நின்றாலும் கண்ணுக்குத் தெரிகிற இடம். எல்லோரும் சொல்கிறார்கள், இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று. நானும் அவள் நல்லதுக்குத்தானே பார்த்தேன். எரிகிற கட்டடத்துக்குள் போய் அவள் கருகிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாங்க் அம்மா பிடித்த படத்தைப் பார்த்த பிசியோ அம்மாதான் சந்தேகப்பட்டிருக்கிறார். பெல்ட்டில் கம்பெனி பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு அது எத்தனை தடவை வந்து போகிறது என்று எண்ணியிருக்கிறார். எட்டு என்றால் நாற்பத்துநாலு சுற்றுதான் வரவேண்டும், ஐம்பத்துமூன்று வந்திருக்கிறது. மூன்று தடவை எண்ணினாராம். கெட்டிக்காரி.

ஆமாம், நான்தான் செய்தேன். எந்திரம் பழுது இல்லை, கைதவறி மாற்றியதும் இல்லை. உடையவேண்டும் என்றுதான் மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலேயே பிசியோ அம்மாவோடு சண்டை போட்டுவிட்டாள், "எங்க அண்ணனப் பத்தி இப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு" என்று. எனக்காகச் சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் சொல்லவேண்டாம், அவளால் தாங்கமுடியாது. கையெழுத்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் நான் கிளம்பிவிடுவேன். உங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, படியும் செங்குத்தாக இருக்கிறது, நான் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவளால் இறங்கமுடியாது.