கூப்பிட்டா பதில் வருது

ஹலோ... ம்... நான்தான். முதல்ல அந்த டிவிய அணை... ஓடலையா? அப்போ பின்னாடி கத்துறது யாரு?... விருந்தாளியா? எந்த விருந்தாளிம்மா விசிலடிச்சுக்கிட்டு வருவாங்க?

என் காதுல பூ சுத்தாதே. மலை மைனாதானே?... சாப்பிட்டேன். சாப்பிட்டேன்மா! பேச்சை மாத்தாதே. மைனாதானே? ஆமாவா இல்லையா?

...ம். அப்பிடி வா வழிக்கு.

எப்பிடித் தெரியுமா? போன மாசம் நீலப் பையை மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வீடு வீடா வந்தா இல்ல? வளக்குற பறவை பத்திக் கேட்டாளே?... ஆமா, ரொம்ப நல்ல பொண்ணு. ஆமா, சிரிச்ச முகம். அந்தச் சிரிச்ச முகம் எங்க காட்டுயிர் ஆராய்ச்சி ஆபீஸ் பொண்ணும்மா! அவ கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நான் எழுதுன கேள்வி!

...சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது, நீ சிரிக்கிறே.

இல்ல, பேரு யாரும் சொல்லலை. பேரு, வீட்டு நம்பர் எதுவும் எங்களுக்கு வராது. நீங்க பேசுனது டைப் அடிச்சுத் தாளாத்தான் வரும். அது சரியா இருக்கான்னு இன்னிக்கு ஒலிப்பதிவப் போட்டுக் கேக்குறேன், நடுவுல ஒண்ணு அலறுது. "பட்டு, எடுடி. பட்டு, எடுடி. எடுக்க மாட்டேங்குறா." அச்சு அசல் உன் குரல்!... நீ இல்லேன்னு தெரியும்! நீ இந்தப் பக்கம் அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டிருக்கே, அது அந்தப் பக்கம் என்னைத் திட்டிட்டிருக்கு. என்னைப் பட்டுன்னு கூப்பிட உலகத்துல வேற யாரு இருக்கா?

...வேலைல இருந்திருப்பேன். மீட்டிங்ல இருந்திருப்பேன்... சரி, சில நாள் வேணும்னேதான் எடுக்கலை. இப்போ அதுவா விஷயம்?

அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?... கடைலேருந்து. சரி, கடைக்கு?... மரப்பொந்துல கையை விட்டுக் கண்ணு தொறக்காத குஞ்சைப் பிடுங்கி, சாக்ஸுக்குள்ள திணிச்சு, பஸ் சீட்டுக்கு அடியில போட்டுக் கொண்டு வருவாங்க. முக்காவாசி வழியிலேயே செத்துரும். உன் வீட்டுல ஒண்ணு விசிலடிக்குதே, கூட வந்தது எல்லாம் எங்கேன்னு கேட்டியா?... பண்ணைல வளத்ததா? அவன் சொன்னானா? சொல்லுவான். எல்லார்கிட்டயும் அதேதான் சொல்லுவான். மலை மைனா வளக்குறதே சட்டப்படி குத்தம், வாங்குனவங்க மேலயும் கேஸ் போடலாம், தெரியுமா? இந்த வயசுல கோர்ட் படி ஏறப் போறியா?

...என்னது? மிருக டாக்டர் இப்பிடிப் பேசலாமாவா? நான் டாக்டர்னு உனக்கு யாரு சொன்னா?... பக்கத்து வீட்டுக்காரங்களா? அவங்ககிட்ட நீயேதான் சொல்லி வச்சிருக்கே! அம்மா, நான் எந்த மிருகத்தையும் தொட்டதே இல்ல. மனுஷங்ககிட்ட பேசுறதுதான் என் வேலை. ஏன் பிடிக்கிறீங்க, ஏன் விக்கிறீங்க, ஏன் வாங்குறீங்க, என்ன சொன்னா விடுவீங்க... ஆமா, அதுக்கும் சம்பளம் உண்டு! நீயுமா? ஆபீஸ்ல பூட்ஸ் போட்டுக்கிட்டுக் காட்டுல திரியிற கூட்டம் தினம் இதைத்தான் கேக்குது. ஊர்க்கதை பேசிட்டு வர்றதெல்லாம் ஆராய்ச்சியான்னு. வருஷா வருஷம் ஒப்பந்தம், வருஷா வருஷம் கும்பிடு. வர்ற வியாழக்கிழமைதான் நிரந்தர வேலைக்கு நேர்காணல். வாங்குறவங்களை உன்னால நிறுத்த முடியுமான்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்ல? எங்கம்மாவே ஒண்ணு வச்சிருக்காங்கன்னா?

கேளு. சனிக்கிழமை காலைல மீட்பு மையத்துலேருந்து ஆள் வரும். கூண்டோட குடுத்துரு... முடியாதுன்னா என்ன அர்த்தம்?... அவன் பயந்துருவானா? அவன்! அது ஆணா பொண்ணான்னு பாத்தா யாருக்கும் தெரியாதும்மா! "வீட்டுல எத்தனை பேரு"ன்னு கேட்டதுக்கு நீ என்ன சொல்லியிருக்கே? "ரெண்டு பேரு. நானும் அவனும்." பிள்ளைங்க இருக்காங்களான்னா, "ஒண்ணு, தூரத்துல இருக்கு." தூரமா? ரெண்டு பஸ் மாறினா வீட்டு வாசல்!

...என்ன, வாங்கி ஒரு வருஷமாச்சா? சும்மா அளக்காதே. நான் வந்தப்போ இல்லையே...

ஓ.

சரி, அதை விடு. விடும்மா. ஏன் வாங்குனீங்கன்னு கேட்டா மட்டும் ஒரே ஒரு வரி. "கூப்பிட்டா பதில் வருது." அது நீதான்னு தெரியாம அதைப் பெரிய எழுத்துல என் அறிக்கையோட முதல் பக்கத்துல போட்டேன்! அதிர்ஷ்டத்துக்கு வாங்குறாங்க, பந்தாவுக்கு வாங்குறாங்கன்னு எல்லாரும் எழுதிட்டிருக்கும்போது, இல்ல, தனியா இருக்குறவங்க பேச்சுத் துணைக்கு வாங்குறாங்கன்னு நான்தான் முதல்ல சொல்லப் போறேன். டைரக்டர் எழுந்து கையே குடுத்துட்டாரு. இந்த ஒரு வரி போதும், வேலை உனக்குத்தான்னாரு. யாரு பெத்த பிள்ளைங்களோ, இப்பிடி விட்டுட்டுப் போயிருக்குதுங்கன்னு டீ குடிச்சுக்கிட்டே திட்டுனோம்மா. நானும் சேர்ந்து திட்டுனேன்! இப்போ சிரி. நல்லா சிரி.

...சிரிக்கலையா?

...ஆமா. நீ சொன்னது யாருக்கும் தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருப்பா. சொல்லச் சொன்னதே நான்தான்... ஆமா, குரலைக் கேட்டதும் நிறுத்தியிருக்கணும். போன் போட்டிருக்கவே கூடாது. தெரியும். தப்புதான். ஆனா பெத்த பொண்ணு கேக்கக் கூடாதா?... அவகிட்ட மனசு விட்டுச் சொன்னே, சரி. எனக்குன்னு சொல்லலை, சரி, சரி...

என்னது? எதை அழிக்கணும்?... நீ சொன்ன எல்லாத்தையுமா? ஐயோ, இரு இரு. அது முதல் பக்கம்மா! அது போனா மிச்சம் வெறும் சதவீதம்தான்... ஆமா, எப்போ வேணும்னாலும் விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம், எல்லாத்தையும் அழிச்சுருவோம்னு... ஆமா, படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவோம்... அந்த வாக்கியத்தை எழுதுனவகிட்டயே ஒப்பிக்கிறியா நீ?

அம்மா, கோவத்துல பேசாதே. கோவம் எனக்குத்தான் வரணும்... சரி, இங்க பாரு. மைனாவை வச்சுக்கோ. வச்சுக்கோன்னு சொல்றேன்! சனிக்கிழமை யாரும் வர மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். அந்த ஒரு வரிய மட்டும் வியாழக்கிழமை வரைக்கும் விட்டு வை...

அம்மா?... இருக்கியா?

...இல்ல. நான் அந்த அர்த்தத்துல சொல்லலை... வியாபாரமா? நானா?... அம்மா, வைக்காதே. வைக்காதேம்மா... ஹலோ?