மூணாவது ஓலை

இந்த இடத்துல ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன். நானே மாட்டிக்கிட்ட கதை, அதனால பயப்படாம சொல்லலாம்.

அப்போ நான் தெற்கே ஒரு ஊர்ச் சபையில போதகரா இருந்தேன்; அங்கே 'ஐயர்'னு கூப்பிடுவாங்க. அங்கே செல்லக்கனின்னு ஒரு அக்கா. வீட்டுக்காரர் தவறிட்டாரு. ஒரே மக, பியூலா. முப்பத்தொரு வயசு வரைக்கும் வரன் அமையாம, அமையாம... ஒருவழியா அமைஞ்சுது. அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே! ஆட்டோவை நிறுத்தி, "தம்பி, எம் மகளுக்குக் கல்யாணம்!"னு சொல்லுவாங்க. ஏற மாட்டாங்க. சொல்றதுக்கு மட்டும் நிறுத்துவாங்க.

நம்ம வழக்கம் தெரியும்ல? கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஆராதனையில ஓலை வாசிப்போம். மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு வாசிச்சு, "யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்போம். ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. மூணாவது ஞாயிறு... வாசிக்கல.

ஏன் வாசிக்கல? யாராவது தடை சொன்னாங்களா? இல்ல. மாப்பிள்ளை ஓடிட்டாரா? இல்ல. அறிவிப்புத் தாளோட பின்பக்கத்துல எழுதியிருந்துச்சு... இந்த ஐயர் தாளைத் திருப்பல! அவ்வளவுதான். சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு யாரும் சிரிக்கல.

அக்கா அன்னைக்குக் கோயிலுக்கு வரல. வெளியூர்ல பத்திரிகை வைக்கப் போயிருந்தாங்க. ஆராதனை முடிஞ்சு வெளியில வந்ததும், ரத்னபாய்னு இன்னொரு அக்கா, பக்கத்துல நின்னவங்க காதுல...

"ஏட்டி, ஓலை வாசிக்கலியே, கவனிச்சியா? மாப்பிள்ளை வீட்ல என்னமோ கேள்விப்பட்டுட்டாங்க போல. நான் யாரையும் குறை சொல்லல. ஜெபிக்கதுக்காகச் சொல்லுதேன்."

கேட்டீங்களா? ஜெபிக்கதுக்காக! ரத்னபாய் அக்கா கெட்டவங்க இல்லங்க. யாருக்குக் காய்ச்சல்னாலும் கஞ்சியோட நிப்பாங்க. ஆனா வெறும் வாய்க்கு அவல் கிடைச்சிருச்சு. அதுக்கு ஒரு பேரும் வச்சாச்சு, ஜெபக்குறிப்பு.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். "ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க"ன்னாங்க. ரத்னபாய் அக்கா எந்திரிச்சு, "பேரு வேண்டாம்... மேலத்தெருவுல ஒரு கல்யாணம் நின்னு போச்சு"ன்னாங்க. மேலத்தெருவுல கல்யாண வீடே ஒண்ணுதான்!

எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கிறாங்க. அந்த நேரம் பத்திரிகைப் பையோட வந்து கடைசியில முழங்கால் போட்டது யாரு? செல்லக்கனி அக்கா.

"ஆண்டவரே, நின்னு போன அந்தக் கல்யாணம்... அவமானப்பட்ட அந்தப் பிள்ளை..."

"ஆமென்!" எல்லாரையும் விடச் சத்தமா யாரு சொன்னா? அந்தத் தாய்தான்... தன் மகளுக்குன்னு தெரியாம.

ஜெபம் முடிஞ்சுது. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க, "யாருக்கா அந்தப் பிள்ளை? ஐயோ, அவ அம்மை என்ன பாடுபடுவா... எனக்குத் தெரியும்லா அந்த வேதனை. நான் போய்ச் சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வாரேன். வீடு எங்கக்கா?"

...

கடைசியில ரத்னபாய் அக்காதான் அழுதுகிட்டே, "செல்லக்கனி... உன் வீடுதான்ட்டி"ன்னாங்க.

அந்தக் கூட்டத்துலயே மாப்பிள்ளைக்கு ஒரு சித்தி இருந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளை வீட்லருந்து போன். "உங்க பொண்ணுக்கு என்ன தடை? கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்." மறுநாள் காலையில நானும் ரத்னபாய் அக்காவும் பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். நான் தாளைக் காட்டினேன். ரத்னபாய் அக்கா, "என் வாய்தாம்மா தப்பு, பிள்ளை மேல ஒண்ணும் இல்ல"ன்னு கும்பிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா ஒத்துக்கிட்டாங்க. அடுத்த ஞாயிறு ஓலை வாசிச்சேன். கல்யாணமும் நடந்துச்சு.

அப்போ எல்லாம் சரியாப் போச்சுல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அக்கா சொன்னாங்க, "ஐயா, கல்யாணத்தை ஆண்டவர் திருப்பித் தந்துட்டாரு. ஆனா இப்ப கோயில்ல ரெண்டு பேரு சேர்ந்து நின்னு பேசினா, எம் மகளைப் பத்தித்தானோன்னு இருக்கு. முந்தி மாதிரி வர முடியல ஐயா."

எனக்குத் தாங்கல.

பிரியமானவங்களே, சந்தோஷமா இருங்கன்னு வேதம் நமக்குச் சொல்லுது. சொல்லுதுதானே? அந்தச் சந்தோஷத்தை அந்தம்மாகிட்ட இருந்து எடுத்தது பிசாசா? கோயிலுக்கு வெளியில இருக்கிறவனா? நாமதான். பைபிளைக் கையில வச்சுக்கிட்டு எடுத்தோம். அதுக்கப்புறம் ரத்னபாய் அக்காவும் பாடல் நேரத்துல வாயைத் திறந்து நான் பார்க்கல. அடுத்தவங்களைப் பத்தி இளப்பமாப் பேசின வாய்க்கு, பாட்டு அவ்வளவு லேசா வராதுங்க.

ஜெபிக்க வேண்டாம்னு நான் சொல்லல. ஜெபிங்க. ஆனா இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில உங்க வாயில ஒருத்தர் பேரு வரும்... வரும்போது நில்லுங்க. முதல்ல அவங்ககிட்டயே போய்ப் பேசுங்க. அப்புறம் ஆண்டவர்கிட்ட பேசுங்க. இந்த ரெண்டையும் செஞ்சவங்களுக்கு, மூணாவது ஆள்கிட்ட சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது.